எம்எஸ்ஆர் பிட்மேப்: எதைத் திறந்துவிடலாம், எதைப் பிடிக்க வேண்டும்

ஜெயில்ஹவுஸ் போல, ப்ராசசர் கோர்களைத் தனித்தனி செல்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஹைப்பர்வைசரில் (ஒரே கணினியில் பல ஓஎஸ்களை ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொரு எம்எஸ்ஆரிடமும் (ப்ராசசரின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் எழுதினால் பக்கத்து செல்லுக்கு உறைக்குமா? உறைக்காதென்றால் திறந்துவிடுங்கள். தேவையில்லாத விஎம் எக்ஸிட் (செல்லில் ஓடும் ஓஎஸ்ஸான கெஸ்டை நிறுத்தி ஹைப்பர்வைசருக்குத் தாவுவது) ரியல்-டைம் செல்லின் நேரத்தைத் தின்னும்.

எந்த எம்எஸ்ஆரைத் தொட்டால் எக்ஸிட் என்று சொல்லும் பட்டியல்தான் பிட்மேப். இன்டெல் விடி-எக்ஸில் (மெய்நிகராக்க வசதி) அது ஒரு 4 கேபி பக்கம். 1024 பைட் அளவில் நான்கு பகுதிகள், இந்த வரிசையில்: கீழ்வரிசை வாசிப்பு, மேல்வரிசை வாசிப்பு, கீழ்வரிசை எழுத்து, மேல்வரிசை எழுத்து. ஒவ்வொரு வரிசையும் 8192 ரெஜிஸ்டர். மேல்வரிசை ஹெக்ஸ் சி0000000-இல் தொடங்கும். பிட் 1 என்றால் எக்ஸிட். இரு வரிசைக்கும் வெளியே உள்ள எண்கள் எப்போதும் எக்ஸிட் ஆகும்.

உதாரணமாக, கோரின் இன்டரப்ட் கன்ட்ரோலரான எக்ஸ்2ஏபிக்-இல், பிற கோர்களுக்கு இன்டரப்ட் அனுப்பும் ரெஜிஸ்டரான ஐசிஆர் ஹெக்ஸ் 830, அதாவது 2096. எட்டால் வகுத்தால் 262, மீதி 0. எழுத்துப் பகுதி 2048-இல் தொடங்குவதால் பைட் 2310, பிட் 0. பிட்மேப்பைக் கவனமாக நிரப்பிவிட்டு, முதன்மை ப்ராசசர் கன்ட்ரோலில் 28-ஆம் பிட்டை (பிட்மேப்பைப் பயன்படுத்து என்பது) 1 ஆக்க மறப்பது வழக்கமான கூத்து. எல்லாம் ஓடும், ஆனால் ஒவ்வொரு எம்எஸ்ஆர் அணுகலும் எக்ஸிட் ஆகும்.

எழுத்துப் பகுதி முழுவதையும் முதலில் 1 ஆக்கிவிட்டு, தெரிந்தவற்றை மட்டும் திறப்பதே நல்லது. ஈஓஐ (இன்டரப்ட் முடிந்தது என்ற அறிவிப்பு), டைமர் கவுண்ட் போன்றவற்றைத் தாராளமாகத் திறக்கலாம். மைக்ரோகோட் ஏற்றும் ஹெக்ஸ் 79-ஐயும் எல்3 கேஷில் யாருக்கு எந்தப் பங்கு என்று சொல்லும் மாஸ்க்குகளையும் திறக்கவே கூடாது. அந்த மாஸ்க்குகள் ஒரே எல்3-ஐப் பகிரும் கோர்கள் அனைத்துக்கும் பொது.

எக்ஸிட் காரணம் 31 வாசிப்பு, 32 எழுத்து. எம்எஸ்ஆர் எண் ஈசிஎக்ஸில் இருக்கும். ஆர்டிஎக்ஸ் (மேல்பாதி), ஆர்ஏஎக்ஸ் (கீழ்பாதி) இரண்டிலிருந்தும் மதிப்பைச் சேர்க்கும்போது ஆர்ஏஎக்ஸை 32 பிட்டுக்கு வெட்டாமல் அப்படியே ஆர் (OR) செய்தால், மேல்பாதியில் கெஸ்ட் விட்டுவைத்த குப்பை ஐசிஆரின் இலக்கு எண்ணோடு கலந்துவிடும். ஐபிஐ (கோர் கோருக்கு அனுப்பும் இன்டரப்ட்) வேறு கோருக்குப் போகும், அதுவும் எப்போதாவதுதான். வாசிப்பில் இரு ரெஜிஸ்டரின் மேல்பாதியையும் பூஜ்யமாக்குங்கள்.

ஐசிஆரில் இலக்கின் சுருக்கக்குறி இருக்கும் 18, 19-ஆம் பிட்களையே முதலில் பாருங்கள். "எல்லோருக்கும்" என்ற சுருக்கக்குறியை வன்பொருளுக்கு அனுப்பினால் பிற செல்களுக்கும் போய்ச்சேரும். அந்த செல்லின் கோர்களை மட்டும் சுற்றிவந்து தனித்தனியாக அனுப்புங்கள். 11-ஆம் பிட் 1 என்றால் இலக்கு லாஜிக்கல்: மேல் 16 பிட் கிளஸ்டர், கீழ் 16 பிட் மாஸ்க். அந்த மாஸ்க்கில் செல்லுக்குச் சொந்தமில்லாத பிட்டை நீக்குங்கள். கோரை மீட்டமைக்கும் ஐனிட், துவக்கும் எஸ்ஐபிஐ இரண்டையும் வன்பொருளுக்கு விடாமல் ஹைப்பர்வைசரே செய்துகொடுக்க வேண்டும். ரிசர்வ்டு பிட்களைச் சோதிக்காமல் எழுதினால் ஜிபி ஃபால்ட் (பாதுகாப்பு மீறல் பிழை) கெஸ்டில் அல்ல, ஹைப்பர்வைசர் ஓடும் ரூட் மோடில் விழும். அத்தோடு எல்லா செல்லும் போச்சு.

மறுக்க வேண்டியதற்கு கெஸ்டுக்குள் வெக்டர் 13 (அதே ஜிபி ஃபால்ட்), பிழைக்குறி 0 செலுத்துங்கள். அப்போது கட்டளை முகவரியான ஆர்ஐபி-ஐ நகர்த்தக் கூடாது. கையாண்டு முடித்தவற்றுக்கு மட்டும் 2 பைட் நகர்த்துங்கள்.

எஃப்எஸ் பேஸ் எம்எஸ்ஆரைப் பிடித்தால், எக்ஸிட்டுக்குப் பின் ப்ராசசரில் இருப்பது ஹைப்பர்வைசருடைய மதிப்பு. கெஸ்டுடையது விஎம்சிஎஸ்ஸில் (கெஸ்டின் நிலையைச் சேமிக்கும் நினைவகப் பகுதி) இருக்கிறது, அங்கிருந்தே எடுங்கள்.