வட்டம் கேட்டேன், முட்டை வந்தது

வரைபடம் வரையும் டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரில் சிரிக்கும் முகம் ஒன்று வரைய புரோகிராம் எழுதினேன். சர்க்கிள் கட்டளைக்கு மையம் 0,0, ஆரம் 6. ஓட்டினால் படுக்கவைத்த முட்டை! கணக்கில் பிழையே இல்லை. வரைபடப் பகுதி அகலத்தில் 95 புள்ளி, உயரத்தில் 63 புள்ளிதான். நானோ இரண்டு அச்சுக்கும் -10 முதல் 10 வரை வைத்திருந்தேன். வட்டம் எப்படி வட்டமாக வரும்? இரண்டு அச்சின் அளவையும் சமமாக்கும் இசட்-ஸ்கொயர் கட்டளையை ஜூம் மெனுவிலிருந்து சேர்த்தேன். அதைக் கடைசி வரியில் போட்டது என் முட்டாள்தனம். விண்டோ, அதாவது திரை காட்டும் அச்சு எல்லை, மாறியதும் வரைந்ததெல்லாம் அழிந்துபோனது. முதல் வரிக்கு ஏற்றியதும் சரியானது.

கண்கள்தான் படுத்தி எடுத்தன. ஒரு புள்ளியை ஒளிரவைக்கும் பிக்சல்-ஆன் கட்டளைக்கு 55, 25 என்று கொடுத்தேன். வலது கண் தாடையையும் தாண்டி இடது மூலையில் போய் உட்கார்ந்தது. எக்ஸ் முதலில் என்ற பள்ளிக்கூடப் பழக்கம்! இந்தக் கட்டளைக்கு வரிசை முதலில், அப்புறம்தான் நெடுவரிசை. வரிசையும் மேலிருந்து கீழாக 0 முதல் 62 வரை ஓடும்; தாண்டினால் டொமைன் பிழை. 25, 55 என்று திருப்பிப் போட்டேன், கண் இடத்துக்கு வந்தது. மூக்கைப் பிளந்து நின்ற அச்சுக் கோடுகளை ஆக்சஸ்-ஆஃப் பார்த்துக்கொண்டது; அதையும் மேலேதான் போட வேண்டும்.