மாக்கல்லில் மாயன் முகமூடி

ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பாறை சார்னோகைட். உளி முனையை மழுக்கிவிடும்; மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் நாகரிகப் பாணியில் செதுக்கும் முதல் முகமூடிக்கு அது வேண்டாம். கல்சட்டி செய்கிற மாக்கல்லில் 20 செ.மீ. உயரம், 15 அகலம், 6 கனத்தில் துண்டு வாங்குங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் உள்ளே விரிசல்.

நடுக்கோடு கிழித்து மூக்கில் தொடங்குங்கள். அதுதான் முகத்தின் உச்சி. ஒருமுறை குறைத்துவிட்டால் கன்னம், உதடு எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டிவரும். மாயன் மூக்குத்தண்டு தடையில்லாமல் நெற்றியில் ஏறும். புருவ மத்தியில் பள்ளம் தோண்டினால் முகம் நம்மூர்ச் சிலையாகிவிடும்! உதடு லேசாகத் திறந்திருக்கட்டும், காதில் வட்டக் குழை.

மாயர்களிடம் உலோக உளி கிடையாது. ஜேடைட் என்கிற கெட்டியான பச்சைக்கல்லையே நூல், மணல், தண்ணீர் வைத்து அறுத்தார்கள். அந்தப் பொறுமை வியக்க வைக்கிறது. கண் துளைக்கு நீங்களும் மூங்கில் குழாயும் ஈர மணலும் வைத்து உருட்டிப் பாருங்கள்.

மெக்சிகோவின் பாலென்கேயில் 1952-ல் திறந்த, பக்கால் என்ற மாயன் மன்னர் கல்லறையின் முகமூடி பச்சைக்கல் சில்லுகளை ஒட்டியது. அப்படிச் செய்தால், மலைக்குளிரில் எபாக்சி பசை இறுக ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

220, 400, 800 எண் உப்புத்தாளை நனைத்தே தேயுங்கள்; தூசி நுரையீரலுக்கு ஆகாது. மூடுபனி நாளில் மெழுகு பூசாதீர்கள், ஈரம் அடைபட்டு வெளுக்கும்.