ஆலய நிதி திரட்டப் போகும் கமிட்டியாருக்கு: ஒரு பழைய பொருளாளர் சொல்லும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சபைகளில் ஆலய வேலை என்று பேச்சு எடுத்ததுமே கமிட்டியில் ஒருவர் எழுந்து சொல்வார்: "வீட்டுக்கு இருபதாயிரம் போடுவோம், காரியம் முடிஞ்சுது." வேலை முப்பது லட்சம், குடும்பம் நூற்றைம்பது என்றால் வகுத்தல் கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தொகையை வெளியே சொல்லிவிட்டால், அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரிக்கப் போகும் அக்கா அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவே கூசுவார். துபாயில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீடோ இருபதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, நம் பங்கு முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் என் முதல் விதி: சராசரியைக் கூட்டத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. நோட்டில்கூட எழுத வேண்டாம்.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவள். எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு மேற்கூரை மாற்றிய காலத்தில் பொருளாளராக இருந்தேன். இப்போது பக்கத்துச் சேகரங்களிலிருந்து (ஒரு போதகரின் கீழ் வரும் சபைகள்) பிள்ளைகள் வந்து "டீச்சர், எப்படிச் செய்தீங்க?" என்று கேட்கிறார்கள். (வங்கியில் இருந்தவளை ஏன் டீச்சர் என்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்த பாவம்.) ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது.

எந்த மாதம்

நம் ஊரில் மரத்தையும் மழையையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். மாசி, பங்குனியில் ரப்பர் இலை உதிரும், பால்வெட்டு நிற்கும். அதே நாட்களில் லெந்துக் (தவக்கால) காணிக்கைக் கவரும் வீட்டில் இருக்கும். ஜூனில் பள்ளிக்கூடச் செலவு. ஐப்பசி, கார்த்திகையில் விடாத மழை என்றால் வெட்டுக்காரருக்குக் கூலி கிடையாது. எங்களுக்கு ஆவணிதான் ஒத்துவந்தது. ஓணத்துக்கு ஏத்தன் (நேந்திரம்) வாழைக்குலை கேரளத்துக்குப் போகும், விலையும் நிற்கும், கையில் கொஞ்சம் காசு புழங்கும். கடலோரச் சபை என்றால் தடைக்காலத்தைப் பாருங்கள்: விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டு கணக்கும் உண்டு.

வாய் திறக்கும் முன்

நெகேமியா எருசலேம் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டது கிஸ்லேவ் மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் நான்கு மாதம் போல உபவாசமும் ஜெபமும். ஊர் வந்து சேர்ந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல், ராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார். கமிட்டி செய்ய வேண்டியதும் இதுதான். போதகரோடு சேர்ந்து வாரம் ஒருநாள் கூடி ஜெபியுங்கள். பொறியாளரை வைத்து மதிப்பீடு எழுதி வாங்குங்கள். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14இல் ஆண்டவர் கேட்கிறாரே, அந்த உட்காருதல் இந்தக் கட்டத்தில்தான் நடக்க வேண்டும். பேராய (டயோசிஸ்) அனுமதியும் அரசு அனுமதியும் கைக்கு வருமுன் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள்.

மதிப்பீட்டைத் துண்டாக உடைத்து வையுங்கள்: கூரை தனி, தரை தனி, கழிப்பறை தனி. முழுப்பணம் வராவிட்டாலும் ஒரு துண்டை முடிக்கலாம். கழிப்பறையைக் கடைசியில் தள்ளாதீர்கள். கோபுரத்துக்குப் பணம் கொடுக்க ஆள் வரும், கழிப்பறைக்கு வராது. அதனால் அதைத்தான் பொதுநிதியில் முதலில் எழுத வேண்டும்.

அப்புறம், கமிட்டியார் தங்கள் பங்கை முதலில் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். 1 நாளாகமம் 29இல் தாவீது தன் சொந்தப் பொன்னையும் வெள்ளியையும் கொடுத்த பிறகுதான் மற்றவர்களைப் பார்த்து "யார் தருவீர்கள்?" என்று கேட்டார். தான் எழுதாத அட்டையை அடுத்த வீட்டில் நீட்டுகிறவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து ஞாயிறு

இந்த ஐந்து வாரத்தில் பிரசங்க பீடத்திலிருந்து தொகை எதுவும் வரக் கூடாது. போதகரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். சிலருக்கு ஆவேசம் வந்துவிடும்.

முதல் ஞாயிறு நினைவுகூருதல். 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்ததையும், அந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம் அவரை வரவேற்றதையும், 1809இல் அங்கே ஆலயம் எழுந்ததையும் நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பதுபோலச் சொல்வார்கள். ஆனால் தங்கள் ஆலயத்துக்கு மண் சுமந்தது யார் என்று கேட்டால் முழிப்பார்கள். ஆகவே வயதான பாட்டாக்கள், பாட்டிகள் மூன்று பேரை முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்கள் சபையில் ஒரு பாட்டி பிடி அரிசியைப் பற்றிச் சொன்னார். உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிறு அன்று கோயிலுக்குக் கொண்டுபோவார்களாம். வீட்டில் கஞ்சி மட்டும் இருந்த நாளிலும் அந்தக் கை நிற்கவில்லை. மிசோரத்துச் சபைகளில் இதே பழக்கம் 1910இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. பாட்டி பேசிய அன்று இரவே எங்கள் சபையில் நாலைந்து வீட்டில் மறுபடி கலயம் வைத்துவிட்டார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு நடை. ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஆலயத்தைச் சுற்றி நடக்க வேண்டும். கூரையில் உளுத்த கழிக்கோல், மழைநீர் இறங்கும் சுவர், முட்டுவலிக்காரர் ஏற முடியாத படி, எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு சின்ன ஜெபம். பேசுவதற்கு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை விடுங்கள்.

மூன்றாம் வாரம் வட்டார ஜெபக்கூட்டங்களில் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள். மக்கெதோனியா சபையார் தரித்திரத்திலும் கொடுத்ததை மட்டும் வாசித்து நிறுத்திவிடாதீர்கள், 8:12 வரை போங்கள். இல்லாததை அல்ல, உள்ளதை வைத்தே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்று பவுல் எழுதுகிறார். கடன்பட்டுக் கிடக்கும் வீட்டுக்கு அந்த வசனம்தான் வேண்டும்.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஐந்தாம் ஞாயிறு அர்ப்பணிப்பு. அதற்கு முன்னால் வீடு சந்திப்பு, அதுதான் பெரிய வேலை.

வீடு சந்திப்பு

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்து மைனி ஒருவர் வந்தால் அடுக்களை வரை பேச்சு போகும், வீட்டின் உண்மை நிலவரம் அங்கேதான் தெரியும். சீட்டுப்பணம் கட்டும் நாளில் போகாதீர்கள். கட்டன் சாயா கொடுத்தால் குடியுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "எதுக்காக ஜெபிக்கணும்?" பதிலை எழுதிக்கொண்டு, அங்கேயே ஜெபித்துவிட்டு, கிளம்பும்போது கவரை மேசையில் வையுங்கள். திறந்து விளக்க வேண்டாம். "எவ்வளவு எழுதப் போறீங்க?" என்று கேட்கும் ஆளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

கவருக்குள் இருக்கும் அட்டையில் நாங்கள் அச்சிட்டது இவ்வளவுதான்: "தேவன் எங்களுக்குத் தந்ததிலிருந்து அடுத்த 24 மாதங்களில் நாங்கள் தர விரும்புவது." கீழே நான்கு கட்டங்கள்: ஜெபம், வேலை நாள், விளைச்சல், பணம். பணம் கடைசியில் இருப்பது தற்செயல் இல்லை. வேலை நாள் என்றால் கொத்தனாரின் இரண்டு நாள், மின்வேலைக்காரரின் ஒரு வாரம், மண் சுமக்க ஒரு சனிக்கிழமை. விளைச்சல் என்றால் ஒரு தென்னையின் இரண்டு வருடக் காய், ஒரு பலாவின் சக்கைப் பழம், ஒரு கோழியின் முட்டை. மரத்தை நேர்ந்துவிட்ட ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதற்குத் தண்ணீர் ஊற்றிய அக்கறையைப் பார்த்திருக்கிறேன். பணம் எழுதிய வீடுகளில் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் கிடையாது.

அட்டையின் அடியில் இன்னொரு வரி: "நிலைமை மாறினால் தொகையை மாற்றிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை." இந்த வரியைப் போடலாமா என்று கமிட்டியில் சண்டை வரும். போடுங்கள். அது இல்லாவிட்டால் அட்டை கடன்பத்திரம் ஆகிவிடும்.

அர்ப்பணிப்பு ஞாயிறு அன்று பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக வரச் சொல்லாதீர்கள். எல்லாக் குடும்பமும் வரிசையாக வந்து, ஒட்டிய கவரை ஒரே பெட்டியில் போடட்டும். ஜெபம் என்று மட்டும் எழுதியவர் கவரும் லட்சம் எழுதியவர் கவரும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தக் கவர்களைப் பார்க்க வேண்டியவர்கள் பொருளாளரும் தணிக்கையாளரும் மட்டும். போதகர் பார்க்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். நாளைக்கு அந்த வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறவருக்கு, அவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்பது தெரியாமல் இருப்பதே நல்லது. பல போதகர்களுக்கு இதில் வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

பணம் வந்த பிறகு

2 இராஜாக்கள் 12இல் ஆசாரியன் யோய்தா பெட்டியின் மூடியில் துளை போட்டு வைத்தார். பணம் நிறைந்ததும் ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்துதான் எண்ணினார்கள். நாமும் அப்படியே: மூன்று பேர், மூன்று வெவ்வேறு குடும்பம், ஆராதனை முடிந்த அன்றே ஆலயத்துக்குள்ளேயே எண்ணி, சீட்டில் மூவரும் கையெழுத்து. திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிட வேண்டும். இந்த நிதிக்குத் தனிக் கணக்கு. கியூஆர் கோடு அந்தக் கணக்கின் பெயரில் இருக்கட்டும், செயலரின் ஜிபே எண்ணை ஒட்டிவைக்காதீர்கள். அவர் யோக்கியர்தான், ஆனால் அவர் மேல் சந்தேகம் வர நாமே ஏன் வழி வைக்க வேண்டும்?

சட்ட விஷயம் சுருக்கமாக. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாகவே இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், பேராய அலுவலகத்தில் கேட்காமல் தொடாதீர்கள். கொடுத்தவருக்கு வருமான வரியில் 80ஜி விலக்கு உண்டு என்று யாரிடமும் வாய்விடாதீர்கள், குறிப்பிட்ட சமயத்தாரின் ஆலய வேலைக்கு அது பொதுவாகக் கிடைக்காது. குலுக்கல் சீட்டு வேண்டாம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது.

வரவு செலவை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், சிமெண்ட் பில் உட்பட. வரவில் மொத்தத் தொகை மட்டும், பெயர் வேண்டாம். "யார் குடுத்தான்னு தெரிஞ்சாத்தானே மத்தவங்களுக்கு வாசி வரும்" என்பார்கள், போட்டி என்ற அர்த்தத்தில். வாசியில் வரும் பணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு குலை ஐயாயிரத்துக்குப் போகும்போது எல்லாரும் சிரித்து மகிழ்கிறோம், அது வேறு. வருடத்தில் ஒருநாள் விளையாட்டு.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. எழுதிய பணம் பாக்கி என்று ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க மறுப்பது, அடக்கத்துக்கு வந்தவர்களிடம் ரசீது கேட்பது. அந்தப் பேச்சே எடுக்க முடியாதபடி முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி நிறைவேற்றுங்கள். தவணை நின்றுபோன வீட்டுக்குப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும், உடம்புக்கு என்ன என்று கேட்க. பணத்தை அவர்களே எடுத்தால் பேசுங்கள், இல்லாவிட்டால் ஜெபித்துவிட்டு வாருங்கள்.

குறைவாக வந்தால் வட்டிக்கு வாங்காதீர்கள், உடைத்துவைத்த துண்டில் ஒன்றை முடித்துப் பிரதிஷ்டை செய்யுங்கள். கூடுதலாக வந்தால் என்ன செய்வது என்பதையும் அதே முதல் கூட்டத்தில் எழுதிவையுங்கள். பணம் வந்த பிறகு அதைப் பேசினால், ஒருவர் மணிக்கூண்டு கேட்பார், ஒருவர் ஏசி கேட்பார். யாத்திராகமம் 36இல் ஆசரிப்புக் கூடார வேலைக்குத் தேவைக்கு மேல் வந்தபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிக்கச் சொன்னார் மோசே. எங்கள் தீர்மானமும் அந்த அதிகாரத்தைப் பார்த்து எழுதியதுதான்: இலக்கு எட்டிய ஞாயிறு பெட்டியை எடுத்துவிடுவது, மேலே வந்ததை மலையோரத்தில் கூரை இல்லாத ஒரு சின்னச் சபைக்கு அனுப்புவது, அதன் ரசீதையும் அதே பலகையில் ஒட்டுவது.