மாண்டலின் பலகையைத் தராசில் போடுங்கள்

ஏற்காட்டில் மழை நாளில் பலகைகளை ஒட்டிச் செய்த மாண்டலின், சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறங்கினால் மேல்பலகை விரிசல் விடும். எனக்கு விட்டது, அதுவும் நல்ல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகை! மரம் ஈரத்தை இழுத்தால் ரேகைக்குக் குறுக்கே விரியும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் பெரிதாக அசையாது. உள்ளே குறுக்காக ஒட்டிய கட்டைகள் சுருங்க விடாமல் பிடித்துக்கொண்டால், பிளப்பதைத் தவிரப் பலகைக்கு வேறு வழியில்லை.

அதனால் ஒட்டுவதற்கு முன் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பலகைகளை இடையில் மெல்லிய ரீப்பர் வைத்து, இருபுறமும் காற்றுப் படும்படி அடுக்கி, சில நாளுக்கு ஒருமுறை எடை பார்த்து, பென்சிலால் பலகையிலேயே எழுதிவிடுங்கள். மூன்று தடவை எடை மாறாவிட்டால் அறையின் ஈரத்தோடு மரம் ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த அறையே நசநசவென்று இருந்தால் பயனில்லை, ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும் நாளில் ஒட்டுங்கள், அதைக் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. மலையில் பனிமூட்டக் காலம் என்றால் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிட்டுப் பலகையைத் தள்ளி வைக்கலாம். அவசரப்பட்டு மொட்டை மாடி வெயிலில் மட்டும் போடாதீர்கள், அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.