மூடிலில் இழுத்து விடும் வினா: தீவகப் படத்தை வைத்து ஒரு செய்முறை

யாழ்ப்பாணத் தீவகத்தில் எழுவைதீவு அனலைதீவுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டு நான்கு விடை கொடுத்தால், தரம் 7 பிள்ளை "வடகிழக்கு" என்று சரியாகத் தெரிவுசெய்துவிடும். பாடமாக்கியிருக்கும். அதே பிள்ளையிடம் புறவுருவப் படத்தை நீட்டி எழுவைதீவில் விரலை வைக்கச் சொன்னால், விரல் நயினாதீவில் போய் நிற்கும். வகுப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இடமே விடையாக இருக்கும் இந்த மாதிரிக் கேள்விக்குத்தான், பெயரைப் பிடித்து இழுத்து உரிய இடத்தில் விடும் வினா, அதாவது இழுத்து விடும் வினா, வேண்டும். ஆண்டையோ ஆளின் பெயரையோ கேட்பதற்குப் பல்தேர்வு வினாவே போதும். பிள்ளைக்கும் நேரம் மிச்சம்.

இங்கே நான் காட்டுவது மூடிலில். பாடங்களையும் பரீட்சைகளையும் இணையத்தில் நடத்த உதவும், 2002 இல் முதற்பதிப்பு வந்த இலவச மென்பொருள் அது. இழுத்து விடும் வினா வகைகளைப் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் உருவாக்கியது. 2015 இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அவை மூடிலோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே நீங்கள் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. உங்கள் பாடசாலைத் தளத்தில் கைவைக்கத் தயக்கமாக இருந்தால், மூடிலின் சாண்ட்பாக்ஸ் என்ற பயிற்சித் தளத்தில் ஆசிரியராக நுழைந்து பழகலாம். அது மணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். செய்ததை அங்கே சேமித்து வைக்க முடியாது, பயமில்லாமல் பிழைவிடலாம்.

முதலில் படம்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் படத்தை ஆயத்தம் செய்யுங்கள். மூடில் பின்னணிப் படத்தை அதிகபட்சம் 600 பிக்சல் அகலம், 400 பிக்சல் உயரம் என்ற அளவில்தான் காட்டும். அதைவிடப் பெரிய படம் போட்டால் தானே சுருக்கிவிடும். சின்னத் தீவுகள் புள்ளியாகிவிடும். நீங்களே அந்த அளவுக்கு வெட்டி எடுப்பது நல்லது. காரைநகர் மேலே, நெடுந்தீவு கீழே இடது மூலையில் என்று வருமாறு தீவகத்தை மட்டும் வெட்டுங்கள். முழுக் குடாநாடும் வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெயர்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதை அப்படியே போட்டால் விடையும் கூடவே போய்விடும். வெள்ளைத் தாளில் வெளிக்கோட்டை வரைந்து போனில் படம் எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைப் பார்த்து வரைந்தால், படத்தின் அடியில் அதன் பங்களிப்பாளர்களுக்கு ஒரு வரி நன்றி போடுங்கள். அது அவர்களின் உரிம நிபந்தனை.

வினாவைத் திறப்பது

பாடப் பக்கத்தின் மேற்பட்டியில் "மோர்" என்பதற்குள் "குவெஸ்ஷன் பேங்க்" இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இந்த வழி சற்று மாறும். அங்கே "கிரியேட் எ நியூ குவெஸ்ஷன்" கொடுத்தால் வகைகளின் பட்டியல் வரும். இழுத்து விடுவதில் மூன்று வகை உண்டு: வசனத்துக்குள் சொல்லை விடுவது, படத்தின் மேல் விடுவது, படத்தில் குறியை நடுவது. நமக்கு இப்போது வேண்டியது இரண்டாவது, "டிராக் அண்ட் டிராப் ஆன்டூ இமேஜ்".

வினாவுக்கு ஒரு பெயர், பிறகு வினா வாசகம். வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். நம்மில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறோம். பாமினியில் அடித்ததை இங்கே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். பழைய வினாத்தாள்களை எழுத்துரு மாற்றியில் மாற்றிவிட்டு, ஒற்றெழுத்துகளை ஒருமுறை வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"டிஃபால்ட் மார்க்" என்ற இடத்தில் 1 இருக்கும். பெயர்களை விடுவதற்குப் படத்தில் ஐந்து பெட்டிகள் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதை 5 ஆக்குங்கள். எல்லாப் பெட்டிக்கும் சமபுள்ளி என்பதால் சரியாக விட்ட ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். அப்படியே விட்டால் பெட்டிக்கு 0.2 என்று வந்து, பிள்ளைகள் என்னவென்று கேட்பார்கள்.

பெயர்களும் பெட்டிகளும்

படத்தை ஏற்றியதும் கீழே "டிராகபிள் ஐட்டம்ஸ்" பகுதிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் வகையை "டிராகபிள் டெக்ஸ்ட்" என்று மாற்றிப் பெயரை எழுதுங்கள்: காரைநகர், எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. மேலே உள்ள "ஷஃபிள்" என்பதில் சரி போட மறக்க வேண்டாம்.

இந்த ஐந்தோடு நிறுத்தினால் நான்கு தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாவது தானாக வந்துவிடும். ஆகவே பெட்டி இல்லாத பெயர் இரண்டைச் சேர்ப்பேன். எதைச் சேர்ப்பது என்பதில்தான் வினாவின் தரம் இருக்கிறது. "கொழும்பு" என்று போட்டால் யாரும் தொடமாட்டார்கள். "குறிகட்டுவான்" என்று போட்டுப் பாருங்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறும் இறங்குதுறை என்று அதன் பெயரைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது புங்குடுதீவில் உள்ள துறை என்பது பலருக்குத் தெரியாது, தனித் தீவு என்று நினைப்பார்கள். அதேபோல "ஊர்காவற்றுறை"யும் வேலணைத் தீவில் உள்ள ஊர். இந்த இரண்டையும் யார் இழுத்து விடுகிறார்கள் என்று பார்த்தாலே அடுத்த வகுப்பில் எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இனி "டிராப் ஸோன்ஸ்". ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரைத் தெரிவுசெய்தால் அது மேலே முன்காட்சிப் படத்தில் வந்து நிற்கும். அதைப் பிடித்து உரிய தீவுக்கு இழுத்தால் "லெஃப்ட்", "டாப்" எண்கள் தாமே நிரம்பும். படத்தின் மேல் இடது மூலையிலிருந்து, பெட்டியின் மேல் இடது மூலைவரை எத்தனை பிக்சல் என்பதே அந்த எண்கள். நூலளவு நகர்த்த வேண்டுமென்றால் எண்ணையே மாற்றலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதலாக வேலை செய்யுங்கள். பெயர்களை எண் கொடுத்துக் குழுக்களாகப் பிரிக்கலாம்; ஒரு குழுவில் உள்ள பெட்டிகள் எல்லாம் அந்தக் குழுவின் மிக நீளமான பெயரின் அளவுக்கே வரும். பெட்டியின் நீளத்தைப் பார்த்து விடையை ஊகிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் நாம் "ஊர்காவற்றுறை"யைச் சேர்த்ததும் எல்லாப் பெட்டியும் அந்த நீளத்துக்குப் போய்விடும். நான் முதன்முதலில் செய்த வினாவில் அனலைதீவுப் பெட்டியும் எழுவைதீவுப் பெட்டியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சரியான இடத்தில்தான் விட்டேன் என்று ஒரு பிள்ளை அழுதபடி வந்தது. பார்த்தால், உண்மையில் சரியான தீவின் மேல்தான் விட்டிருந்தது. பக்கத்துப் பெட்டி அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பெட்டிகளைத் தீவுகளின் மேல் வைப்பதில்லை. கடலில் தள்ளி வைத்து, படத்திலேயே ஒவ்வொரு தீவுக்கும் ஒரு அம்புக்கோடு வரைந்துவிடுகிறேன்.

பாலமா, படகா

குழு எதற்கு என்று விளங்க இன்னொரு வினா செய்து பாருங்கள். தீவுகளின் பெயர் அச்சான படத்தை எடுத்து, "பாலம்", "படகு" என்ற இரண்டே சொற்களை இழுக்கக் கொடுங்கள். இரண்டுக்கும் "அன்லிமிட்டட்" என்பதில் சரி போட வேண்டும். இல்லாவிட்டால் "படகு" ஒரு தீவுக்குப் போனதும் தீர்ந்துவிடும். ஒரே படத்தில் பெயரையும் வழியையும் சேர்த்துக் கேட்பதென்றால் பெயர்களைக் குழு 1 இலும் இந்தச் சொற்களைக் குழு 2 இலும் போடுங்கள். நிறம் வேறாகத் தெரியும், ஒரு குழுவின் சொல் மற்றதன் பெட்டிக்குள் போகாது.

வாசகத்தில் கவனம் வேண்டும். "காரைநகருக்கு எப்படிப் போகலாம்?" என்று கேட்டால் பொன்னாலைப் பாலமும் சரி, ஊர்காவற்றுறையிலிருந்து படகும் சரி. மூடில் ஒன்றுக்குத்தான் புள்ளி கொடுக்கும். "யாழ் நகரிலிருந்து வாகனத்தை விட்டு இறங்காமல் போகக்கூடிய தீவுக்குப் பாலம், மற்றதற்குப் படகு" என்று எழுதினால் சண்டை இல்லை.

இரண்டாவது முயற்சி

கீழே "மல்டிபிள் ட்ரைஸ்" பகுதியில் பிழையான முயற்சிக்கான கழிவு 33.33 சதவீதம் என்று இருக்கும். குறிப்பு எழுதும் பெட்டிகள் இரண்டு வரும். முதலாவதில் "நெடுந்தீவுதான் எல்லாவற்றிலும் தொலைவில்" என்பது போல ஒரு வரி எழுதி, "கிளியர் இன்கரெக்ட்" என்பதில் சரி போடுங்கள். பிழையானவை மட்டும் கழன்று விழும், சரியானவை இருந்த இடத்தில் இருக்கும். இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டால் பிள்ளைக்கு ஒரே முயற்சிதான். வினாவைப் பரீட்சையில் சேர்த்த பிறகு அந்தப் பரீட்சையின் அமைப்பில் "குவெஸ்ஷன் பிஹேவியர்" என்பதை "இன்டராக்டிவ் வித் மல்டிபிள் ட்ரைஸ்" என்று மாற்றினால்தான் இந்தக் குறிப்புகள் வேலை செய்யும். தவணைப் பரீட்சைக்கு அது வேண்டாம், பயிற்சிக்கு மட்டும்.

வசனத்துக்குள் விடும் வகை

இது சுருக்கம். வாசகத்தில் விடை வரவேண்டிய இடத்தில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எண் போட வேண்டும்: "பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவிட்டால் [[1]], அவித்துக் காயவிட்டால் [[2]], பனம்பழக் களியைக் காயவிட்டால் [[3]]." கீழே தெரிவு 1 இல் ஒடியல், 2 இல் புழுக்கொடியல், 3 இல் பனாட்டு. தெரிவு 4 இல் பனங்கட்டி. அதற்கு வாசகத்தில் இடமில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்

சேமித்ததும் முன்காட்சிக்குப் போய் "ஃபில் இன் கரெக்ட் ரெஸ்பான்ஸஸ்" என்ற பொத்தானை அழுத்துங்கள். சரியான விடைகள் தாமே போய் உட்காரும். அனலையும் எழுவையும் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு போனில் திறந்து பாருங்கள். அம்மாவின் போனில் செய்யும் பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். மூடில் செயலியில் இழுக்கத் தேவையில்லை: பெயரை ஒருமுறை தொட்டு, பிறகு பெட்டியைத் தொட வேண்டும். இந்த ஒரு வரியை வினா வாசகத்தின் முடிவிலேயே எழுதிவிடுங்கள். கணினியில் மவுஸ் வேலை செய்யாவிட்டால் டாப் விசையால் பெட்டிக்குப் போய் ஸ்பேஸ் விசையை அழுத்த அழுத்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறி வரும். இதையும் வகுப்பில் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் பரீட்சையைத் திறந்துவிடுங்கள்.