தில்லிப் பனியில் கிடேரிக் கன்று

தில்லியின் தென்மேற்கு ஓரத்தில், நஜஃப்கருக்கு அந்தப் பக்கம், ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தில் இப்போது எனக்கு ஐந்து கிடேரிகள். திண்டிவனம் பக்கத்தில் மாட்டோடு வளர்ந்தவள்தான், ஆனால் இந்தக் குளிர் புதிது. முதல் வருஷம் டிசம்பர் கடைசியில் கன்று நடுங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல், கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டேன். பத்தே நாளில் கன்றுக்கு மூக்கொழுகி, இருமி, மூச்சு வாங்கியது. ஊசி போட வந்த டாக்டர் உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கசக்கினார். மூத்திர நெடி. “முதலில் பாயை அவிழுங்கள், ஊசி அப்புறம்” என்றார். கன்று பிழைத்தது, ஆனால் அதே சமயம் பிறந்த மற்றக் கன்றுகள் அளவுக்கு வளரவே இல்லை.

அதனால் வாடை வருகிற வடக்கையும் மேற்கையும் மட்டும் மறையுங்கள். அங்கேயும் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்திருக்கட்டும். தெற்குப் பக்கம் வெயிலுக்கு. நெடி இருக்கிறதா என்று நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. கன்று படுக்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுக்க வேண்டும்.

அடுத்தது படுக்கை. நம்மூரில் வைக்கோலைக் கன்றுக்குக் கீழே பரப்பினால் பாட்டி விளக்குமாற்றோடு வருவாள். இங்கே நெல் அறுத்த தாளை வயலிலேயே கொளுத்தித் தில்லி முழுக்கப் புகை ஆக்குகிறார்கள். நான் நவம்பரில் ஒரு டிராக்டர் வண்டி நிறைய அந்த வைக்கோலை வாங்கி அடுக்கிவிடுவேன். படுத்த கன்றின் கால் வைக்கோலுக்குள் மறைய வேண்டும், அந்த அளவுக்குப் போடுங்கள். காலையில் அந்த வைக்கோல் மேல் முட்டி போட்டு இருபது எண்ணுங்கள். புடவை ஈரமானால் மேலே காய்ந்த வைக்கோல் போட வேண்டிய நேரம். பிறந்து மூன்று வாரம் ஆகாத கன்றுக்குப் பத்து டிகிரிக்குக் கீழே போனாலே குளிர். 2021 புத்தாண்டு அன்று தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி! அந்த மாதிரி ராத்திரிகளில் சணல் சாக்கை முதுகில் கட்டலாம். வெயில் வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுங்கள். ஈரச் சாக்குக்கு வெறும் முதுகே மேல்.

சீம்பால் விஷயத்தில் தாமதமே கூடாது. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் வாய், ஒரு நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. முப்பது கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர். அதற்கு அப்புறமும் தினம் அதே அளவு பால் என்பது பொதுக் கணக்கு. பனிக்காலத்தில் அது போதாது, உடம்பைச் சூடாக வைக்கவே பாதி செலவாகிவிடும். நான் ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்றாவது வேளையாக முக்கால் லிட்டர் சேர்க்கிறேன். கறந்த சூட்டிலேயே கொடுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை (கன்றுக்கென்று அரைத்த தானியக் கலவை) ஒரு பிடி வாயில் தடவிப் பழக்குங்கள், பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அசை போடும் வயிறு முதிர்வது இந்தத் தானியத்தால்தான். புல்லைக் காட்டினால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ தீவனம் தின்றால் பாலை நிறுத்தலாம்.

இனி பசுந்தீவனம். வடக்கில் குளிர்காலம் என்றால் பர்சீம் என்கிற பயறு வகைத் தீவனப் பயிர்தான். அக்டோபரில் விதைத்தால் ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் முதல் அறுப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்று. புரதம் நிறைய, ஆனால் பெரும்பகுதி தண்ணீர். பனி சொட்டச் சொட்ட அறுத்து, பசியோடு இருக்கிற கிடேரிக்குப் போட்டால் வயிறு உப்பும். எனக்கு அது பக்கத்து வயல் ‘தாயீ’ சொல்லிக் கொடுத்த பாடம் (பெரியம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்). “பஹூ, முதலில் பூசா, அப்புறம் பர்சீம்” என்பாள். பஹூ என்றால் மருமகள், பூசா என்பது பொடித்த கோதுமை வைக்கோல். முந்தின நாள் சாயங்காலமே அறுத்து வாட வைத்து, பூசாவோடு கலந்து போடுகிறேன். கொஞ்சம் ஓட்ஸ் பயிரும் விதைத்திருக்கிறேன், அது உப்பாது.

மேய்ச்சலுக்கு விடுவது ஆறு மாதம் தாண்டியவற்றை மட்டும்தான், அதுவும் பனி உலர்ந்து பத்தரை, பதினொரு மணிக்கு மேல். வயிற்றில் பூசா இல்லாமல் பர்சீம் வயலில் இறக்காதீர்கள். இடது விலாவுக்குப் பின்னே பள்ளம் மேடாகி, தட்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம் கேட்டால், முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பதறிப்போய் எண்ணெயைத் தலையைத் தூக்கி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

தடுப்பூசியில் ஒன்று மட்டும் தவற விடாதீர்கள்: சினை மாடு குறைமாதத்தில் கன்றைப் போட வைக்கும் கன்று வீச்சு நோய்க்கானது (புரூசெல்லோசிஸ்), கிடேரிகளுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் போடுவது.

வளர்ச்சியைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாற வேண்டாம், குளிர்கால ரோமம் கொழுப்பு மாதிரியே தெரியும். தையற்கார டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்டம் வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு. கலப்பினக் கிடேரி தினம் நானூறு, ஐந்நூறு கிராம் ஏற வேண்டும். 250 கிலோ தாண்டாமல் சினை ஊசி போடச் சொல்லி அவசரப்படாதீர்கள்.

மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டுவதா என்று கேட்பீர்கள். ஜனவரி நடுவில் இங்கே பகலிலும் சூரியன் தெரியாத நாட்கள் உண்டு. நான் குளிப்பாட்டுவதில்லை. காய்ந்த வைக்கோலை முறுக்கி உடம்பு முழுக்க அழுத்தித் தேய்த்துவிட்டு, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைப்பேன். போன வருஷம் தாயீ வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். பொங்கலை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் போனாள்.