ரோபோ கையைச் சுழற்ற ஷாஃப்டை நம்பாதீர்கள்

கையை மூட்டிலுள்ள ஷாஃப்டில் (சுழலும் உலோகத் தண்டில்) செருகி, ஒரு சின்ன ஸ்க்ரூவை இறுக்கிவிடுவதுதான் பலரும் செய்வது. வெறும் கை என்றால் ஓடும். எடை தூக்கியதும் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், கை அப்படியே நிற்கும்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 30 செ.மீ. கையின் நுனியில் அரை கிலோ இருந்தால், மூட்டில் ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றப் பார்க்கும் விசை) வரும். 5 மி.மீ. ஷாஃப்டின் ஆரமோ வெறும் 2.5 மி.மீ. அங்கே வழுக்காமல் பிடிக்க 600 நியூட்டன், அதாவது 60 கிலோ சுமைக்கு இணையான விசை வேண்டும். பாவம், அந்த ஒற்றை ஸ்க்ரூ என்ன செய்யும்!

அதனால் ஷாஃப்டைச் சட்டத்தோடு அசையாமல் பொருத்திவிடுங்கள். கையில் பேரிங் (உராய்வைக் குறைக்கும் வளையம்) வைத்து, ஷாஃப்டின் மேல் சுழல விடுங்கள். மோட்டார் பெல்ட் மூலம் சுழற்றும் பெரிய பல் புல்லியை (பல் வைத்த சக்கரத்தை) நேராகக் கையிலேயே 4 போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட்டுகள் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்தால், அதே முறுக்குவிசைக்கு மொத்தம் 75 நியூட்டன்தான். அதையும் நான்கும் பங்கிட்டுக்கொள்ளும். மோட்டார் பக்கம் 20 பல், கைப் பக்கம் 60 பல் என்றால் முறுக்குவிசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும்.

ஷாஃப்ட் சுழன்றே ஆக வேண்டுமா? சரி, அறுகோண ஷாஃப்ட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உருண்டை ஷாஃப்டின் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக ராவி, ஸ்க்ரூ அந்தத் தட்டையில் உட்காரும்படி இறுக்குங்கள்.

அப்புறம், பெல்ட்டை இழுத்துக் கட்ட மோட்டாரைப் பொருத்தும் துளைகளை நீளவாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் தளர்ந்தால் பல் தாண்டும்.